திரூர் நெல்லும் பிலிப்பைன்ஸும்

எம்.கே.பி. நகர் மகள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பேரன்கிட்ட சொல்வேன்: வியாசர்பாடி ஜீவாவுல திருவள்ளூர் ரயில் ஏறினா, செவ்வாப்பேட்டை ரோடு பக்கத்துலதான் திரூர் நெல் ஆராய்ச்சி நிலையம்.

1952-ல் அங்கே வெளியிட்ட ரகம் டி.கே.எம். 6. பிலிப்பைன்ஸ்ல இருக்கிற உலக நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் 1960-களில் ஆயிரக்கணக்கான ரகங்களைக் குருத்துப்பூச்சிக்குச் சோதிச்சாங்க. குருத்து காய்ஞ்ச தூர் எத்தனை, வெண்கதிர் எத்தனைன்னு எண்ணணும். அதுல தாக்குப்பிடிச்சது நம்ம திரூர் நெல். அதை ஒட்டுச் சேர்த்து 1969-ல் வந்ததுதான் ஐ.ஆர். 20.

எங்கப்பா அதை நட்டார். குருத்துப்பூச்சியைத் தாங்குச்சு, புகையானைத் தாங்கல. அதை நம்பி வீட்டு விதைநெல்லையும் விட்டுட்டார். புகையானுக்கு மருந்து அந்தக் குதிர்லயே இருந்திருக்குமோ? இப்ப சோதிக்க ஒரு பிடி நெல்கூட இல்ல.