பக்கத்துக் கம்பெனியின் கணக்கு

திருப்பூரில் ஒருத்தர் புது மெஷின் இறக்கினால், அடுத்த தெருவுக்குத் தெரிய எவ்வளவு நேரமாகும்? ஒரு டீ குடிக்கிற நேரம்! வாசலில் லாரி நின்றால் போதும். ஆனால், அந்த மெஷின் சம்பாதிக்கிறதா, கடனைத்தான் ஏற்றுகிறதா? அது மட்டும் வெளியே வராது. இந்த ஊர் பனியன் கம்பெனிகளில் பெரும்பாலானவை பங்குச் சந்தைக்குப் போகாதவை. லாப நஷ்டத்தை ஊரறியச் சொல்ல வேண்டிய கட்டாயம் அவற்றுக்கு இல்லை.

கொஞ்சம் பின்னால் போவோம். 1999 ஏப்ரலில், ஜவுளி மெஷின் கடனுக்கான வட்டியில் 5 சதவிகிதத்தை மத்திய அரசே ஏற்கும் திட்டம் வந்தது. 2005 ஜனவரி 1-ல், அமெரிக்காவும் ஐரோப்பாவும் வைத்திருந்த இறக்குமதி கோட்டா முறை ஒழிந்தது. இனி எவ்வளவு வேண்டுமானாலும் அனுப்பலாம்! 'அவர் போட்டுட்டார், நாமும் போட்டுடுவோம்' என்ற எண்ணம் வராமல் இருக்குமா? 2007-ல் டாலர் 44 ரூபாயிலிருந்து 39-க்கு இறங்கியது. 10 டாலர் சரக்குக்கு 50 ரூபாய் அவுட்! மெஷின் கடனின் தவணை மட்டும் இறங்கவில்லை.

'அவர் கணக்கு தெரிந்திருந்தால் உஷாராகியிருப்போமே' என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள்.

அமெரிக்காவின் வேர்ல்ட்காம், கணக்கை ஊரறிய வெளியிட்ட கம்பெனிதான். இன்டர்நெட் போக்குவரத்து 100 நாளைக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது என்ற பேச்சும் அந்த முகாமிலிருந்துதான் பரவியது. போட்டியாளர்களான ஏ.டி. அண்ட் டி.யும் ஸ்பிரின்ட்டும் 'அவர்களுக்கு மட்டும் எப்படி இந்த லாபம்?' என்று மண்டையை உடைத்துக்கொண்டன. ஆட்களைக் குறைத்தன, பணத்தைக் கொட்டின. 2002 ஜூனில் குட்டு உடைந்தது. சுமார் 380 கோடி டாலர் செலவை, முதலீடு என்று எழுதி வைத்திருந்தார்கள்! அடுத்த மாதமே வேர்ல்ட்காம் திவால். இல்லாத லாபத்தைத் துரத்தி மற்றவர்கள் போட்ட பணத்தை யார் திருப்பித் தருவார்கள்?

அதற்காகக் கணக்கே பார்க்கக் கூடாதா? பார்க்கத்தான் வேண்டும். 2016 ஆகஸ்டில் அவினாசியின் எஸ்.பி. அப்பேரல்ஸ் பங்கு வெளியிட்டது. திரட்டும் பணத்தில் கடன் அடைப்பது, வாழப்பாடி தொழிற்சாலையை விரிவாக்குவது என்று திட்டங்களை விளக்க அறிக்கையில் போட்டாக வேண்டும். போட்டிக் கம்பெனிக்காரரும் ஓசியிலேயே படிக்கலாம். ஆனால், நம்மாட்கள் விரிவாக்கப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவார்கள். நீங்கள் அபாயங்களைச் சொல்லும் பக்கத்தைப் புரட்டுங்கள். எத்தனை வாடிக்கையாளர்களை நம்பி ஓடுகிறது, கடன் எவ்வளவு, டாலர் இறங்கினால் என்னாகும் எல்லாம் அங்கேதான் இருக்கும்.

அதே கேள்விகளை உங்கள் கம்பெனிக்கும் போட்டுப் பாருங்கள். பதில் கைக்கு வந்தபிறகு, வீட்டுப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு பேங்க்குக்குக் கிளம்பலாம்.