கரிய இருக்கை

அயல்மண்ணில் போரிட்டு மடிந்த ஒருவனை நினைவில் வைக்கும் உரிமை யாருக்கு உரியது? அவனைக் களத்துக்கு அனுப்பிய அரசுக்கா, அவனைப் பெற்ற ஊருக்கா, அவன் பாடிய மொழிக்கா? மூன்றும் அவனை நினைக்கத்தான் செய்கின்றன. ஆயினும் மூன்றும் நினைப்பது ஒரே மனிதனை அன்று. முதல் உலகப் போரில் மடிந்த வேல்ஸ் நாட்டுக் கவிஞர் ஹெத் வின்னின் வரலாறு இதனைத் தெளிவுறக் காட்டுகிறது.

எல்லிஸ் ஹம்ஃப்ரி எவன்ஸ் என்பது அவருடைய இயற்பெயர். வடவேல்ஸின் ட்ரவ்ஸ்வனித் என்னும் ஊரில் 1887 ஜனவரி 13ஆம் நாள் பிறந்தார். பதினொரு பிள்ளைகளுள் மூத்தவர். மலைச்சாரலில் இருந்த குடும்பப் பண்ணையில் ஆடு மேய்ப்பதே தொழில். பள்ளிப் படிப்பு பதினான்கு வயதளவில் நின்றது. எனினும் இளமையிலேயே வெல்ஷ் மொழியின் கடினமான மரபு யாப்பில் தேர்ந்தார். 1907இல் பாலா நகரில் நிகழ்ந்த கவிதைப் போட்டியில் முதன்முதலாகப் பரிசிருக்கை வென்றார். ‘ஹெத் வின்’ என்னும் புலமைப் பெயர் 1910இல் வழங்கப்பெற்றது. தூய அமைதி என்பது அதன் பொருள்.

அமைதியைப் பெயராகக் கொண்டவரைப் போர் விட்டுவைக்கவில்லை. 1916இல் கட்டாயப் படைச்சேர்ப்புச் சட்டம் வந்தது. குடும்பத்திலிருந்து ஒருவர் செல்ல வேண்டிய நிலையில், தம்பி போகாதிருக்கத் தாமே முன்வந்தார். ராயல் வெல்ஷ் ஃப்யூசிலியர்ஸ் படைப்பிரிவின் 15ஆம் அணியில் சாதாரணப் படைவீரராகச் சேர்க்கப்பட்டார்.

வேல்ஸ் மக்களின் தேசியக் கவிதைப் பெருவிழா ‘ஐஸ்டெத்வோட்’ எனப்படும். 1176இல் கார்டிகன் கோட்டையில் ரீஸ் என்னும் சிற்றரசர் கூட்டிய புலவர் அவையை அதன் தொடக்கமாகக் கொள்வது மரபு. போட்டிக்கு வரும் பாடல்கள் புனைபெயரிலேயே அமைய வேண்டும். வென்றவருக்கு நுண்ணிய செதுக்குவேலை கொண்ட மர இருக்கை பரிசு. 1916ஆம் ஆண்டு விழாவில் இரண்டாம் இடம் பெற்றிருந்த ஹெத் வின், அடுத்த ஆண்டுக்குரிய நெடும்பாடலை ஊரில் தொடங்கினார்; பயிற்சி முகாமிலும், உழவுப் பணிக்கென விடுப்பில் வந்தபோதும் வளர்த்தார்; பிரான்சில் முடித்து, 1917 ஜூலையில் அஞ்சலில் அனுப்பினார். விழாக் குழுவினர் தந்திருந்த தலைப்பு ‘வீரன்’ என்பதாகும்.

அம்மாதம் 31ஆம் நாள் பெல்ஜியத்தில் மூன்றாம் ஈப்பர் போர் தொடங்கியது. முதல் நாளிலேயே பில்கெம் மேட்டில் எறிகுண்டு தாக்கி, முப்பது வயதில் அவர் மாண்டார்.

செப்டம்பர் 6ஆம் நாள் பர்க்கன்ஹெட் நகரில் விழா அவை கூடியது. பிரதமர் லாயிட் ஜார்ஜும் அங்கிருந்தார். எக்காளம் முழங்க, வென்ற கவிஞரின் புனைபெயர் அழைக்கப்பட்டது. எவரும் எழவில்லை. மீண்டும் அழைத்தனர், அவை அசைவற்றிருந்தது. வென்றவர் களத்தில் இறந்துவிட்டார் என்று அறிவித்து, வெறும் இருக்கையின்மேல் கரிய துணியைப் போர்த்தினர். அன்றுமுதல் அவ்விழாவுக்குக் ‘கரிய இருக்கையின் விழா’ என்றே பெயர். அவ்விருக்கையைச் செதுக்கியவர் யூஜீன் வான்ஃப்ளெட்டரன். போருக்கு அஞ்சிப் பெல்ஜியத்தின் மெக்கலன் நகரிலிருந்து இங்கிலாந்தில் தஞ்சம் புகுந்த கைவினைஞர் அவர். அவர் துறந்து வந்த நாட்டு மண்ணிலேயே, அவர் செய்த இருக்கைக்கு உரியவர் புதைக்கப்பட்டிருந்தார்.

இனி நிகழ்ந்ததே நாம் கருதத்தக்கது. ‘வீரன்’ எனும் தலைப்பும், களச்சாவும், பிரதமரின் முன்னிலையும் ஒருங்கே அமைந்தபோது, அவரைப் பேரரசின் போர்வீரராக மட்டுமே நிலைநிறுத்துவது மிக எளிதாக இருந்திருக்கும். அவருடைய மக்கள் அதற்கு உடன்படவில்லை. ட்ரவ்ஸ்வனித்தில் 1923இல் அவருடைய தாயார் திறந்துவைத்த வெண்கலச் சிலையில் படையுடை இல்லை. அங்கு நிற்பவர் ஓர் ஆட்டிடையர். 1918இல் வெளிவந்த கவிதைத் தொகுதியின் பெயரும் ‘இடையனின் பாடல்கள்’ என்பதே. பெல்ஜியத்துக் கல்லறையில் அவருடைய நடுகல்லும் முதலில் படைவீரர் கற்களுள் ஒன்றாகவே இருக்க இருந்தது. வேல்ஸ் மக்கள் விண்ணப்பித்த பின்னரே ‘தலைமைக் கவிஞர் ஹெத் வின்’ என்று பொருள்படும் வெல்ஷ் சொற்கள் அதில் பொறிக்கப்பட்டன. வீழ்ந்தவனுக்குக் கல்நட்டுப் பாடிய மரபினராகிய நமக்கு, கல்லில் எப்பெயர் எழுதுவது என்பது சிறு வினாவன்று என்பது விளங்கும். அக்கல்லறையிலேயே, அதே நாளில் மாண்ட ஐரிஷ் கவிஞர் பிரான்சிஸ் லெட்விட்ஜும் துயில்கிறார்.

பண்ணை வீட்டின் கதவை வருவோர்க்கு அடைக்கலாகாது எனத் தாயார் கேட்டுக்கொண்டார். அவர் மகள்வழிப் பேரர் பல்லாண்டுகள் அச்சொல்லைக் காத்தார். 2012இல் அவ்வீடு ஸ்னோடோனியா தேசியப் பூங்கா ஆணையத்தின் பொறுப்புக்கு வந்தது. கரிய இருக்கையும் அங்கேயே காக்கப்படுகிறது. கவிஞரின் வாழ்வைக் கூறும் 1992ஆம் ஆண்டுத் திரைப்படமே ஆஸ்கர் பரிந்துரை பெற்ற முதல் வெல்ஷ் மொழிப் படமாகும்.

அரசு காக்கும் பட்டியலில் அவர் ஆயிரமாயிரம் பேருள் ஒருவர். அவரைத் தனி மனிதராக மீட்டவர்கள், அவர் மொழியில் கவிதை கேட்கக் கூடிய அவையினரே. பத்தாண்டுகளாகக் கவிதையின் பொருட்டுக் கூடிவரும் நம் வட்டம் போன்ற அவைகளுக்கு இப்பணியும் உண்டு: மறைந்த கவிஞரை, பிறர் சூட்டிய பெயரால் அன்றி, அவர் பாடிய பாடலால் அழைப்பது.