பழைய வெப்பக்காப்பு அகற்றல் (ஆஸ்திரேலியா)

வெப்பக்காப்பு அகற்றல் என்பது, வீட்டின் கூரைக்கும் உட்கூரைக்கும் நடுவிலுள்ள பரணிலோ சுவரின் உள்வெளியிலோ முன்பு இட்ட காப்புப்பொருளை வெளியேற்றும் பணி. மழைநீர் புகுந்து நனைந்தது, எலியும் பிற உயிர்களும் கழித்து அசுத்தமானது, மின்கசிவுக்கு வழிவகுப்பது, நச்சு இழை கொண்டது என நான்கு காரணங்களில் ஒன்று பெரும்பாலும் இருக்கும். இவற்றில் முதல் இரண்டு வீட்டுக்காரரின் தொல்லை. பின்னிரண்டும் ஆஸ்திரேலியாவில் அரசுகளையே உலுக்கிய விவகாரங்கள் ஆயின. காப்பை உள்ளே போட ஒரு நாள் போதும். தலைநகர் கான்பெராவில் அதை வெளியே எடுக்க இரண்டு அரசுத் திட்டங்களும், கடைசியில் வீடுகளையே இடிப்பதும் தேவைப்பட்டன.

கோடையில் 40 பாகையைத் தாண்டும் நாள்கள் ஆஸ்திரேலியாவின் பல பகுதிகளில் உண்டு. கான்பெரா விமான நிலையத்தில் 2020 ஜனவரி 4 அன்று 44 பாகை செல்சியஸ் பதிவானது. அதே நகரத்தின் குளிர்கால இரவுகள் உறைநிலையைத் தொடும். ஓடோ தகரமோ வேய்ந்த கூரையின் அடியில், பகலில் 60 பாகை வரைகூட ஏறும் காற்று, ஜிப்சம் பலகையாலான உட்கூரை வழியே அறைக்குள் வெப்பத்தை இறக்குகிறது. அதைத் தடுக்கவே பரணில் கண்ணாடி இழைப் பாளங்கள், பாறை இழை, பழந்தாளை அரைத்துச் செய்த செல்லுலோஸ், அலுமினியத் தாள் போன்றவற்றைப் பரப்புகிறார்கள். 1968 முதல் 1979 வரை கான்பெராவின் ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளில் பரப்பியது இவற்றில் எதுவுமல்ல. அது தூள் தூளாக்கிய கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ்.

மிஸ்டர் ஃபிளஃபி

நம்மூரில் ஆஸ்பெஸ்டாஸ் என்றால் கூரைக்குப் போடும் நெளித் தகடுதான் நினைவுக்கு வரும். அதில் கல்நார் இழை சிமெண்டோடு இறுகிக் கிடக்கிறது. உடைத்தாலோ அறுத்தாலோதான் பறக்கும். கான்பெராவில் நடந்தது வேறு. பிணைப்பு ஏதுமில்லாத கல்நார் இழையைப் பஞ்சுபோல் உதிர்த்து, குழாய் வழியே பரணுக்குள் ஊதினார்கள். இதைச் செய்த நிறுவனத்துக்கு மக்களிடையே வழங்கிய பெயர் மிஸ்டர் ஃபிளஃபி. பயன்படுத்தியதில் பெரும்பகுதி அமோசைட் எனப்படும் பழுப்புக் கல்நார். சில வீடுகளில் அதைவிடக் கொடிய நீலக் கல்நாரும் இருந்தது.

கல்நார் இழையின் தீங்கு அதன் வேதியியலில் மட்டும் இல்லை, வடிவத்திலும் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெலிந்து நீளவாக்கில் பிளந்துகொண்டே போகும்; மூச்சோடு நுரையீரலின் ஆழத்துக்குச் செல்லும்; உடலால் கரைத்து வெளியேற்ற முடியாது. நுரையீரலைச் சூழ்ந்த உறையில் தோன்றும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் பெரும்பாலும் முப்பது, நாற்பது ஆண்டுகள் கழித்தே தலைகாட்டும். அன்றைக்கு யாருக்கும் தெரியாது என்று இதைக் கடந்துவிட முடியாது. தொழில் தொடங்கிய அந்த 1968-ஆம் ஆண்டிலேயே, ஆஸ்திரேலிய அரசின் சுகாதாரத் துறை அலுவலர் ஒருவர் இந்த நிறுவனத்தைப் பெயர் குறிப்பிட்டு, வீடுகளில் கல்நாரைக் காப்புப்பொருளாக இடுவதைத் தடுக்க வேண்டும் என்று அறிக்கை தந்திருந்தார். அந்த அறிக்கைக்குப் பின்னும் பத்தாண்டுக்கு மேல் குழாய்கள் ஊதிக்கொண்டிருந்தன. இந்த வரலாற்றில் மன்னிக்க முடியாத பகுதி இதுதான்.

முதல் அகற்றம் (1988-1993)

1988-இல் ஒன்றிய அரசு அகற்றும் திட்டத்தைத் தொடங்கியது. கான்பெரா அப்போது ஒன்றிய அரசின் நேரடி ஆட்சியில் இருந்தது. மறு ஆண்டே ஆஸ்திரேலியத் தலைநகர ஆட்சிப் பகுதிக்குத் தன்னாட்சி கிடைத்து, பொறுப்பு கைமாறியது. 1980-க்கு முன் கட்டிய சுமார் 65,000 வீடுகளின் பரண்களை எட்டிப் பார்த்து, ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்ட வீடுகளை அடையாளம் கண்டார்கள். கூரையைச் சுற்றித் தற்காலிகக் கூடாரம் எழுப்பி, உட்புறக் காற்றழுத்தத்தை வெளியைவிடக் குறைவாக வைத்து, இழையை உறிஞ்சி எடுத்தார்கள். கைக்கு எட்டாமல் எஞ்சியது பறக்காதபடி மரச்சட்டங்களின் மேல் பசைக்கரைசலைத் தெளித்தார்கள். 1993-இல் பணி முடிந்தபோது செலவு சுமார் 10 கோடி ஆஸ்திரேலிய டாலர். ஒவ்வொரு வீட்டுக்கும் பணி நிறைவுச் சான்றிதழ் கிடைத்தது. அந்தச் சான்றிதழை நம்பி அடுத்த இருபது ஆண்டுகள் அவ்வீடுகள் கைமாறின. வாங்கியவர்களில் பலருக்கு அப்படியொரு பின்னணி இருப்பதே தெரியாது.

இத்திட்டத்தின் பிழை அதன் எல்லையில் இருந்தது. பரணைத்தான் துப்புரவு செய்தார்கள். அக்காலத்து ஆஸ்திரேலியச் செங்கல் வீடுகளில் வெளிச்சுவருக்கும் உட்சுவருக்கும் நடுவில் இடைவெளி உண்டு. அதன் மேல்வாய் பரணுக்குள் திறந்திருக்கும். ஊதிய நாளிலேயே அதற்குள் சரிந்த இழை அங்கேயே தங்கிவிட்டது. சுவரும் உட்கூரையும் சேரும் மூலையின் விரிசல், விளக்குக்கு இட்ட துளை, சுவரோடு பதித்த அலமாரியின் பின்புறம், சூடேற்றிக் குழாய், தரைப்பலகையின் அடி என்று அது ஆண்டுக்கணக்கில் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகளின் துணி அடுக்கிய அலமாரிகளிலும் பிற்பாடு கல்நார் கண்டெடுக்கப்பட்டது.

இடிப்பதே வழி (2014-2022)

டவுனர் என்ற புறநகரில், 1988 ஆய்வில் விடுபட்டுப்போன ஒரு வீடு பின்னர் கண்டுபிடிக்கப்பட்டது. 2013-இல் அதைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஆராய்ந்ததில், இழை எந்தெந்த வழியில் பயணம் செய்கிறது என்பது வெளிச்சமானது. அப்படியானால் துப்புரவு முடிந்ததாகச் சான்று பெற்ற வீடுகளின் கதி என்ன என்ற கேள்வி எழுந்தது. 2014 பிப்ரவரியில் ஆட்சிப் பகுதி அரசு ஏறக்குறைய ஆயிரம் வீட்டு உரிமையாளர்களுக்குக் கடிதம் அனுப்பியது. தொடர்ந்து நடந்த சோதனைகளில் மக்கள் புழங்கும் அறைகளிலேயே இழை தென்பட, சில குடும்பங்கள் உடனே வெளியேற வேண்டியிருந்தது. மெத்தை, துணிமணி போன்றவற்றைக்கூட விட்டுச் சென்றவர்கள் உண்டு.

அதே ஆண்டு அக்டோபர் 28 அன்று அப்போதைய முதல்வர் கேட்டி கல்லகர் முடிவை அறிவித்தார்: பாதிப்புற்ற வீடுகள் அனைத்தையும் அரசே வாங்கி இடிக்கும். கல்நார் இல்லாதிருந்தால் அன்று என்ன விலை போயிருக்குமோ அந்த விலை தரப்பட்டது. ஒன்றிய அரசு 100 கோடி டாலர் கடன் கொடுத்தது. கொடையாகத் தராமல் கடனாகத் தந்தது அப்போதே விமர்சனத்துக்கு உள்ளானது. தொழில் நடந்த காலத்தில் ஆட்சியில் இருந்தது ஒன்றிய அரசு என்பதால் அந்த விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது. நிலம் சுத்தமான பிறகு அதைத் திரும்ப வாங்கும் முதல் உரிமை பழைய உரிமையாளருக்கு இருந்தது. ஆனால் அன்றைய சந்தை விலைக்குத்தான் வாங்க வேண்டும் என்பதால் பலரால் தம் தெருவுக்குத் திரும்ப இயலவில்லை.

இடிப்பு என்றதும் இயந்திரம் வந்து ஒரே நாளில் தரைமட்டமாக்குவது இல்லை. முதலில் வீட்டை மூடி முத்திரையிட்டு, உட்கூரைப் பலகையையும் சுவர்ப்பூச்சுப் பலகையையும் அகற்றி, நுண்வடிகட்டி பொருத்திய உறிஞ்சிகளால் இழையை எடுத்து, எஞ்சியதைப் பசையால் கட்டினார்கள். அதன் பிறகே, நீரைத் தெளித்தபடி கட்டடம் இடிக்கப்பட்டது. இடிபாடு உறையிட்ட லாரிகளில் ஏற்றிப் புதைகுழிக்குப் போனது. அத்தோடு விடாமல் மேல்மண்ணையும் சுரண்டி எடுத்துச் சோதித்தார்கள். மண் தேறிய பிறகுதான் அந்த மனை, பாதிப்புற்ற வீடுகளின் பொதுப் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. இடிக்கப்படாத வீடுகளில் எச்சரிக்கை ஒட்டி வைக்க வேண்டும். எலக்ட்ரீஷியன் பரணில் ஏறும் முன் பார்க்கட்டும் என்று மீட்டர் பெட்டியில் அதை ஒட்டினார்கள். இப்பணிக்கென அமைத்த சிறப்புக் குழு 2022-இல் கலைக்கப்பட்டது. அண்டை மாநிலமான நியூ சவுத் வேல்ஸிலும், குறிப்பாகக் கான்பெராவை ஒட்டிய குவீன்பியன் நகரிலும், இதே கல்நார் நூற்றுக்கு மேற்பட்ட வீடுகளில் இருந்தது. அங்கும் 2015-இல் இதே போன்ற திட்டம் அறிவிக்கப்பட்டது.

ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகம் நடத்திய நலவாழ்வு ஆய்வில், இத்தகைய வீடுகளில் வாழ்ந்த ஆண்களிடையே மீசோதீலியோமா மற்றவர்களைவிட சுமார் இரண்டரை மடங்கு அதிகம் காணப்பட்டது.

அலுமினியத் தாளும் மின்சாரமும்

வெப்பக்காப்பின் இரண்டாவது விவகாரத்தில் நச்சு இல்லை, அவசரம் இருந்தது. உலகப் பொருளாதார நெருக்கடியை ஒட்டி 2009 பிப்ரவரியில் அப்போதைய பிரதமர் கெவின் ரட்டின் அரசு, வீடுகளுக்கு இலவசமாக உட்கூரைக் காப்பு போடும் திட்டத்தை அறிவித்தது. வீட்டுக்கு 1,600 டாலர் வரை மானியம். ஓராண்டுக்குள் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளில் வேலை நடந்தது. பயிற்சி இல்லாத இளைஞர்கள் பரண்களில் ஏறினார்கள். நால்வர் இறந்தார்கள். மூவரைக் கொன்றது மின்சாரம். அவர்களில் இருவர் குவீன்ஸ்லாந்தில் அலுமினியத் தாளை விரித்தவர்கள். மரச்சட்டத்தில் தாளை அறைந்த உலோக ஊசி மின்கம்பியைத் துளைத்தால் தாள் முழுவதும் மின்சாரம் பாயும். நான்காமவர் மேற்கு சிட்னியில், 40 பாகை தாண்டிய நாளில் பரணில் வேலை செய்து வெப்பத்தாக்கில் இறந்தார். 2010 பிப்ரவரியில் திட்டம் நிறுத்தப்பட்டது. அலுமினியத் தாள் இட்ட சுமார் 50,000 வீடுகளைச் சோதித்து, ஒன்று தாளை அகற்றுவது, அல்லது கசிவைக் கண்டவுடன் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் பொருத்துவது என்று அரசு மீண்டும் செலவழித்தது. இயன் ஹாங்கர் தலைமையிலான அரச விசாரணை ஆணையம் 2014-இல் அளித்த அறிக்கை, இந்த மரணங்கள் தவிர்த்திருக்கக் கூடியவை என்ற முடிவுக்கு வந்தது.

அன்றாட அகற்றம்

கல்நார் இல்லாத சாதாரண வீட்டில் வேலை எளிது, ஆனாலும் அலட்சியத்துக்கு இடமில்லை. நனைந்த கண்ணாடி இழை கனத்து உட்கூரையையே தொய்யச் செய்யும். எலி கழித்த இடத்தை உலர்ந்தபடி பெருக்கினால் கிருமி காற்றில் ஏறும். கிருமிநாசினி தெளித்து நனைத்த பிறகே அள்ள வேண்டும். பாஸம் என்ற மரவாழ் பைவிலங்கு பரணில் குடியேறியிருந்தால் அதைக் கொல்லவோ தொலைவில் கொண்டுபோய் விடவோ சட்டம் அனுமதிக்காது. அது வெளியேறிய பின் வழியை அடைப்பதே முறை. உதிரியாக ஊதிய காப்பைப் பெரிய உறிஞ்சிக் குழாயால் லாரியில் உள்ள பைக்கு இழுக்கிறார்கள். பாளமாக இட்டதைக் கையால் சுருட்டிப் பரணிலேயே பையில் கட்டி இறக்குகிறார்கள். கண்ணாடி இழை தோலையும் தொண்டையையும் அரிக்கும். அதைக் கல்நாரோடு ஒப்பிடுவது சரியல்ல: பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2002-இல் வெளியிட்ட மதிப்பீட்டில், காப்புக்குப் பயன்படும் கண்ணாடி இழையை மனிதருக்குப் புற்றுநோய் தருவதாக வகைப்படுத்த இயலாத பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. பழைய நகர வீடுகளின் பரணில் காப்பைவிட அதன் மேல் படிந்த தூசுதான் கெடுதல். பெட்ரோலிலும் பெயிண்டிலும் ஈயம் கலந்த காலத்துத் தூசு அதில் அடைந்திருக்கும்.

வெயில் நாட்டில் இந்த வேலைக்கு நேரமும் ஒரு கருவி. கோடையில் விடியலில் ஏறி, கூரை சூடேறும் முன் இறங்கிவிடுகிறார்கள். ஒருவர் மேலே இருக்கையில் இன்னொருவர் ஏணியடியில் இருப்பார். முதன்மை சுவிட்சை அணைத்தாலே போதும் என்ற எண்ணம் இப்போது ஆபத்தானது. கூரையில் சூரியத் தகடு உள்ள வீட்டில், வெயில் இருக்கும் வரை தகட்டிலிருந்து வரும் கம்பியில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஆஸ்திரேலியா 2003 டிசம்பர் 31 முதல் எல்லா வகைக் கல்நாருக்கும் தடை விதித்தது. உதிரிக் கல்நாரை அகற்ற ‘ஏ’ வகுப்பு உரிமம் வேண்டும். பணி முடிந்ததும் ஒப்பந்ததாரரோடு தொடர்பில்லாத மதிப்பீட்டாளர் காற்றைச் சோதித்து, ஒரு மில்லிலிட்டரில் 0.01 இழைக்குக் குறைவாக இருந்தால்தான் வீட்டைத் திரும்பத் தருவார்.

2023 ஏப்ரல் முதல் தலைநகர ஆட்சிப் பகுதியில் வாடகை வீடுகளுக்குக் குறைந்தபட்ச உட்கூரைக் காப்பு கட்டாயம். வெப்பத் தடை அளவு ‘ஆர் 2’-க்குக் கீழிருந்தால் ‘ஆர் 5’-க்கு உயர்த்த வேண்டும். ஆகவே பழைய பரண்களில் மறுபடி ஆள் ஏறத் தொடங்கியிருக்கிறார்கள். 1980-க்கு முன் கட்டிய வீட்டின் பரணில் சாம்பலோ பழுப்போ நீலமோ கலந்த பஞ்சுத்தூள் தென்பட்டால், தொடாமல் இறங்கி, உரிமம் பெற்ற மதிப்பீட்டாளரைக் கொண்டு மாதிரி எடுக்கச் சொல்வதே அங்குள்ள நடைமுறை.