அருவி மறிக்காத விலாங்கு

இலங்கையின் களனி கங்கை, கெஹெல்கமு ஓயா, மஸ்கெலி ஓயா என்ற இரண்டு மலையாறுகள் கூடிப் பிறப்பது. இந்த ஆறுகளுக்கும் கடலுக்கும் இருந்த தொடர்பில் பாதியை, அணைகள் வருமுன்பே மலை அறுத்துவிட்டது. கினிகத்தேனைக்கு அருகே கெஹெல்கமு ஓயா அபர்டீன் அருவியாக 98 மீட்டர் விழுகிறது. மஸ்கெலி ஓயாவின் லக்சபான அருவி அதைவிட உயரம். நீந்தி ஏறும் மீனுக்கு இவை சுவர்தான்.

சுவரேறக்கூடியது விலாங்கு. பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுவதாகப் பேர் வாங்கிய இது பிறப்பது கடலில். குஞ்சாக ஆற்றில் நுழைந்து, நனைந்த பாறையில் வயிற்றை ஒட்டி ஊர்ந்து மேலேறும். பல ஆண்டுகள் நன்னீரில் வளர்ந்தபின் ஒரே ஒருமுறை கடலுக்கு இறங்கி, முட்டையிட்டு மடியும். ஏறும் வழி இருந்து இறங்கும் வழி இல்லாவிட்டால் பயனில்லை.

லக்சபானவில் மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் கணக்குக் காட்டினார். நோர்ட்டன் பிரிட்ஜில் தேக்கிய நீரால் முதல் மின்நிலையம் ஓடியது 1950இல். 1965இல் காசல்ரீ அணையும் 1969இல் மவுஸ்ஸாக்கலை அணையும் வந்தன. மவுஸ்ஸாக்கலை பழைய மஸ்கெலியா நகரையே விழுங்கியது; கடும் வறட்சியில் நீர் வற்றும்போது பழைய கோயில் சேற்றுக்கு மேலே தலைகாட்டும். தேக்கிய நீர் சுரங்க வழியே மின்நிலையத்துக்குப் போவதால் அணைக்குக் கீழே ஆறு மெலிகிறது. இறங்கிவரும் விலாங்குக்குச் சுழலும் விசையாழி வேறு காத்திருக்கிறது.

விலாங்கு இந்த மண்ணுக்குரியது; மலையகத்து மீன்களில் பேர்பெற்றவையோ வந்தேறிகளே. நுவரெலியா ஓடைகளில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயத் துரைமார் தூண்டில் விளையாட்டுக்காக ட்ரவுட் மீனை விட்டனர். ஆப்பிரிக்கத் திலாப்பியா இலங்கைக்கு வந்தது 1952 வாக்கில். நீர்த்தேக்க மீன்பிடி அதை நம்பியே வளர்ந்தது.

மீனுக்கு வழிவிட அணையை உடைத்த இடமும் உண்டு. அமெரிக்காவின் கென்னபெக் ஆற்றில் 1837இல் கட்டிய எட்வர்ட்ஸ் அணையை 1999இல் உடைத்தார்கள். கடலிலிருந்து ஏறும் மீன்கள் திரும்பின. அங்கே விட்டுக்கொடுத்தது 3.5 மெகாவாட் மட்டுமே. பழைய லக்சபான நிலையம் ஒன்றே 50 மெகாவாட் தருவது; காசல்ரீயை உடைக்கச் சொல்ல ஆளில்லை. உடைத்தாலும் அபர்டீன் அருவி அங்கேயே நிற்கும்.

உடைப்பதைப் பற்றிப் பேசத்தக்கவை தேயிலைத் தோட்டத்துச் சிற்றணைகளே. தொழிற்சாலை இயந்திரங்களை ஓட்ட ஓடைகளை மறித்துக் கட்டியவை அவை. பொது மின்சாரம் வந்ததும் பல கைவிடப்பட்டன. 1990களிலிருந்து சிறு நீர்மின் திட்டங்கள் அதே ஓடைகளைத் தேடி வந்தன. புதிதாக ஓடையை மறிக்குமுன் பயனற்ற பழைய கட்டுகளை எடுத்துவிடுவதே முதல் வேலை.