மகிழுந்தில் ஒலித்த வீட்டுத் தட்டுகள்

1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தட்டைக் கேட்கத்தான் இயன்றது. வீட்டில் அதில் எதையும் பதிய இயலவில்லை. பதியத்தக்க வெற்றுத் தட்டு 1988இல் ஜப்பானில் உருவாகி, தொண்ணூறுகளின் இறுதியில் கணினியோடு இல்லங்களுக்குள் நுழைந்தது. தட்டின் சாயப் பூச்சை லேசர் ஒளி சுட்டுக் குறியிடுவதே பதிவு. கொள்ளளவு 80 நிமிடம். ஐந்து நிமிடப் பாடலாயின் பதினாறு! எதை விடுவதென்பதே பெருந்தொல்லை. எம்பி3 கோப்புகளாயின் நூற்றுக்கு மேல் அடங்கும். பழைய மகிழுந்துக் கருவியோ அவற்றை அறியாது. ஜார்ஜ்டவுனிலிருந்து பாலங்கடந்து கோலாலம்பூர் செல்லும் நெடும்பயணத்துக்கு நான்கு தட்டுகளேனும் வேண்டும்.

அச்சாயம் வெயிலுக்கும் வெப்பத்துக்கும் ஆற்றாது. பினாங்கு வெயிலில் நின்ற வண்டிக்குள் கிடந்த தட்டு நாளடைவில் ஊமையாயிற்று. தேய்ந்த ஒலிநாடாவிலிருந்த திருமண நாதசுரத்தைத் தட்டுக்கு மாற்றிவிட்டு, நாடாவை எறிந்த இல்லங்களில் இரண்டுமே எஞ்சவில்லை.