கொடி வர இரண்டு நாள் தாமதம்



2014ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் தேதி ரஷ்யாவின் சோச்சி நகரில் குளிர்கால ஒலிம்பிக் தொடங்கியது. இந்தியாவிலிருந்து போனவர்கள் மூன்றே வீரர்கள். அணிவகுப்பில் அவர்களுக்கு மூவர்ணக் கொடி கிடையாது. ஐந்து வளையங்கள் கொண்ட ஒலிம்பிக் கொடியின் கீழ்தான் அவர்கள் வந்தார்கள். பெயர்ப்பலகையிலும் இந்தியா இல்லை. 'சுயேச்சை ஒலிம்பிக் பங்கேற்பாளர்கள்' என்று ஒரு பெயர். நம் ஊர்த் தேர்தலில் கட்சி சீட்டு கிடைக்காதவர் சுயேச்சையாக நிற்பாரே, கிட்டத்தட்ட அந்த நிலைதான்.

மூவரில் மூத்தவர் சிவ கேசவன். தந்தை கேரளத்தவர், தாய் இத்தாலியர். பிறந்து வளர்ந்தது இமாசலப் பிரதேசத்தின் மணாலிப் பக்கம். அவருடைய விளையாட்டின் பெயர் லூஜ். சிறிய சறுக்கு வண்டியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, கால்களை முன்னால் நீட்டியபடி பனிக்கட்டிப் பாதையில் இறங்க வேண்டும். வேகம் மணிக்கு 130 கிலோமீட்டரையும் தாண்டும். பிரேக் கிடையாது. நேரத்தை ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை கணக்கிடுகிறார்கள். கணக்காளர்களாகிய நாங்களே இரண்டு தசம இடத்தோடு நிறுத்திக்கொள்கிறோம்!

இந்த விளையாட்டுக்கான செயற்கைப் பனிப் பாதை இந்தியாவில் ஒன்றுகூட இருந்ததில்லை. ஆஸ்திரியாவின் குந்தர் லெம்மரர் ஹரியானாவின் பஞ்ச்குலாவில் ஒரு பயிற்சி முகாம் நடத்தினார். பள்ளி மாணவரான சிவாவுக்கு லூஜ் அறிமுகமானது அங்கேதான். 1998இல் ஜப்பானின் நாகானோ ஒலிம்பிக்கில் 16 வயதுப் பையனாக, இந்தியாவின் ஒரே வீரராகக் கலந்துகொண்டு 28ஆவது இடம் பெற்றார். ஊருக்குத் திரும்பினால் பயிற்சி எப்படி? வண்டிக்குச் சக்கரம் பூட்டி, லாரிகளுக்கும் ஆட்டு மந்தைகளுக்கும் நடுவே இமயமலைச் சாலைகளில் உருண்டு வருவார். இத்தாலியக் குடியுரிமை எடுத்துக்கொண்டால் எல்லா வசதியும் தருவதாக அழைப்பு வந்ததாம். மறுத்துவிட்டார்.

அப்படிப்பட்டவருக்குத்தான் ஐந்தாவது ஒலிம்பிக்கில் கொடி இல்லாமல் போனது. காரணத்தைச் சோச்சியில் தேடிப் பயனில்லை, தில்லிக்குப் போக வேண்டும்.

2010 தில்லி காமன்வெல்த் போட்டிகளின் செலவுக் கணக்குகள் வழக்குகளில் போய் முடிந்தது உங்களுக்கு நினைவிருக்கும். 2012 டிசம்பரில் இந்திய ஒலிம்பிக் சங்கம் தேர்தல் நடத்தியபோது, அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டுப் பிணையில் இருந்த ஒருவரே பொதுச் செயலாளர் பதவிக்குப் போட்டியின்றி வந்தார். தேர்தலில் அரசின் தலையீடும் இருக்கிறது என்று சொல்லி, டிசம்பர் 4ஆம் தேதி சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி சங்கத்தை இடைநீக்கம் செய்தது. நீதிமன்றத்தில் குற்றச்சாட்டு பதிவானவர்கள் தேர்தலில் நிற்கக் கூடாது என்று விதியைத் திருத்துங்கள், பிறகு பேசுவோம் என்றது. ஓராண்டு இழுத்தடித்து, 2013 டிசம்பர் 8ஆம் தேதி சங்கம் இதற்குச் சம்மதித்தது.

சோச்சிக்கு அப்போது சரியாக இரண்டு மாதம் இருந்தது. புதுத் தேர்தலுக்குச் சங்கம் குறித்த நாள் என்ன தெரியுமா? 2014 பிப்ரவரி 9. ஒலிம்பிக் தொடங்கி இரண்டாம் நாள்! தேதியை முன்னால் கொண்டுவரும்படி விளையாட்டு அமைச்சகம் கேட்டும் நடக்கவில்லை. கேசவன் தம் வருத்தத்தைப் பத்திரிகைகளிடம் வெளிப்படையாகவே சொன்னார். இங்கே நம்மவர் சங்கங்கள் சிலவற்றின் கணக்கைத் தணிக்கை செய்பவன் நான். ஆண்டுப் பொதுக்கூட்டத்தை எந்தச் சாக்குச் சொல்லியெல்லாம் தள்ளிப்போடலாம் என்பது எனக்கு அத்துபடி. ஆனாலும் இந்தத் தேதிக்கு ஒரு நியாயமும் எனக்குத் தோன்றவில்லை.

பிப்ரவரி 8, 9 ஆகிய இரு நாளும் லூஜ் போட்டி. பயிற்சியின்போது பாதையில் வண்டியிலிருந்து சறுக்கி விழுந்தவர், ஓடிக்கொண்டிருந்த வண்டியையே பிடித்து மறுபடி ஏறிப் படுத்துக் கீழே வந்து சேர்ந்தார். அந்தப் படக்காட்சியை உலகமே பார்த்து வியந்தது. போட்டியில் கிடைத்தது 37ஆவது இடம். அவர் கடைசிச் சுற்றுக்கு இறங்கிய அதே 9ஆம் தேதிதான் தில்லியில் வாக்குப் பெட்டி திறந்தது. சென்னையைச் சேர்ந்த என். ராமச்சந்திரன் தலைவரானார், அப்போது உலக ஸ்குவாஷ் சம்மேளனத்துக்கும் அவர்தான் தலைவர்.

தேர்தல் முடிந்த இரண்டே நாளில், 11ஆம் தேதி, தடை நீங்கியது. ஒலிம்பிக் நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு நாட்டின் தடை விலக்கப்பட்டது அதுவே முதல் முறை. இரண்டு நாளில் முடிகிற காரியம் பதினான்கு மாதம் கிடந்திருக்கிறது.

மற்ற இருவருக்கும் அதனால் பலன் கிடைத்தது. ஜம்மு காஷ்மீரைச் சேர்ந்த ராணுவ வீரர் நதீம் இக்பால் 14ஆம் தேதி 15 கிலோமீட்டர் பனிச்சறுக்கு ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடி 85ஆவதாக வந்தார். மணாலியின் ஹிமான்ஷு தாக்கூர் 19ஆம் தேதி மலைச்சரிவுப் பனிச்சறுக்கில் 72ஆவது இடம். இடையில் 16ஆம் தேதி, ஒலிம்பிக் கிராமத்தில் மூவர்ணக் கொடியை முறைப்படி ஏற்றினார்கள். கேசவனின் போட்டி முடிந்து அன்றைக்கு ஒரு வாரம். அவருடைய 37ஆவது இடம் மட்டும் இன்றைக்கும் சுயேச்சைக் கணக்கிலேதான் கிடக்கிறது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 2018இல், தென்கொரியாவின் பியோங்சாங்கில் ஆறாவது முறையாக வந்தார். அதுவே அவரது கடைசி ஒலிம்பிக், 34ஆவது இடம். தொடக்க விழாவில் இந்தியக் கொடியை ஏந்தி நடந்தவர் அவர்தான்.