ஆச்சியின் முறுக்கான் உரல்

போன மாசம் தோவாளை பூச்சந்தையைப் பாக்க சென்னையில இருந்து ஒரு தம்பி வந்திருந்தார். எங்க வீட்டுத் திண்ணையில உக்காந்து கட்டங்காப்பி குடிக்கும்போது, மாடக்குழியில இருந்த சின்ன இரும்பு உரலைக் கையில எடுத்தார். ஒரு சாண் உயரம்கூட இருக்காது. "மருந்து இடிக்கிறதா ஐயா?" என்று கேட்டார். எங்க ஆச்சி முறுக்கான் இடிச்ச உரல் என்று சொன்னேன். நீங்க வெத்தலை பாக்கு போடுறதுன்னு சொல்றீங்களே, அதுக்கு எங்க பக்கம் பேரு முறுக்கான்.

"அந்தக் காலத்து ஆளுங்க வெத்தலை போட்டே பல்லை உறுதியா வச்சிருந்தாங்க இல்ல?" என்றார் தம்பி. எனக்குச் சிரிப்பு வந்துட்டு. பல்லு உறுதியா இருந்தா உரல் எதுக்கு?

நான் பார்க்கும்போதே ஆச்சி வாயில நாலோ அஞ்சோ பல்லுதான். தினமும் உமிக்கரியும் உப்பும் போட்டுத் தேய்க்கிறவதான். சொத்தைன்னு அவ சொல்லிக் கேட்டதில்ல. ஈறு இறங்கி, வேரு தெரிஞ்சு, நல்ல பல்லே ஆடி ஆடி விழுந்துட்டு. கொட்டைப்பாக்கு கல்லு மாதிரி. வருஷக்கணக்கா கடிச்சா பல் தேயும், கீறல் விழும். சுண்ணாம்பும் எச்சியும் சேர்ந்து ஈறோரம் காரை கட்டும், அதுக்கு அடியில ஈறு கெடும். பல்லு போன பிறகும் ஆசை போகாது. அப்போதான் இந்த உரல் வீட்டுக்கு வரும்.

இதை ஆச்சியோட குத்தம்னு சொல்ல மாட்டேன். ஊரே அப்படித்தான் இருந்தது. கும்பப்பூ அறுப்புக்கு ஆள் இறங்கினா களத்துல முதல்ல வரது வெத்தலைச் செல்லம். கூலியில குறை இருந்தாலும் பொறுப்பாவ, போயிலை இல்லேன்னா பொறுக்க மாட்டாவ. காரணம் பசி. பழங்கஞ்சியைக் குடிச்சிட்டு விடியக்காலம் இறங்கினவங்களுக்கு மத்தியானம் வரை பசியை மறக்கடிச்சது வாயில அடக்கின போயிலைதான்.

வெத்தலையும் பாக்கும் நம்மகிட்ட ரொம்பப் பழசு. சிலப்பதிகாரத்துல, மதுரையில கோவலன் சாப்பிட்டு முடிச்சதும் கண்ணகி வெத்தலை பாக்கு கொடுக்கிறா. ஆனா அதுல போயிலை கிடையாது. போயிலை அமெரிக்கா கண்டத்துச் செடி, போர்த்துக்கீசியர் கப்பல்ல வந்தது. நாஞ்சில் நாடு 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர், பிறகு திரு-கொச்சி என்று மலையாளக்கரையோடதான் இருந்தது. யாழ்ப்பாணத்துல விளைஞ்ச போயிலைக்கு 18, 19-ஆம் நூற்றாண்டுகள்ல பெரிய சந்தை இந்தத் திருவிதாங்கூர். போயிலை வியாபாரத்தை அரசாங்கமே ஏகபோகமா வச்சிருந்தது, கஜானாவுக்கு நல்ல வருமானம். திவான் மாதவராவ் காலத்துல, 1860-கள்ல ஏகபோகத்தை எடுத்தாங்க. அப்புறமும் வரி தொடர்ந்தது. ஆக, நம்ம ஜனங்க வாயில அடக்கினதுல அரசாங்கத்துக்கும் பங்கு இருந்தது.

அதோட கணக்கு வெளிய வந்த இடமும் எங்க மாவட்டம்தான். நாகர்கோவிலுக்கு மேற்கே நெய்யூர்ல 1838-ல லண்டன் மிஷன் வைத்தியம் தொடங்கிச்சு. அங்க டாக்டரா இருந்த பென்டால், 1908-ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல, திருவிதாங்கூர்ல கண்ட 1,700 புற்றுநோயாளிகளைப் பத்தி எழுதினார். 1922-லயும் 1924-லயும் எவரெஸ்ட் ஏறப் போன சோமர்வெல், நெய்யூர் ஆஸ்பத்திரிக் கூட்டத்தைப் பாத்து இங்கயே தங்கிட்டார். அதே ஆஸ்பத்திரியைச் சேர்ந்த டாக்டர் ஓர், 1933-ல லான்செட் பத்திரிகையில திருவிதாங்கூர்ல பாக்கு போடுறவங்களுக்கு வர்ற வாய்ப்புற்று பத்தியே ஒரு கட்டுரை எழுதினார். முறுக்கானை எந்தக் கன்னத்துல அடக்குறோமோ அங்கதான் பெரும்பாலும் புண்ணு வரும்.

போயிலை சேர்ந்த வெத்தலை புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 1985-ல அறிவிச்சது. போயிலை இல்லாத வெறும் பாக்கும் உண்டாக்கும்னு 2004-ல வெளியிட்டது. நெய்யூர்ல எழுதி எத்தனை வருஷம் கழிச்சுன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கிடுங்க.

இவ்வளவு சொல்றேனே, நான் மட்டும் ஒழுங்கா? பிச்சிப்பூ பறிக்க இருட்டுலயே எந்திரிக்கணும், சந்தைக்குக் கொண்டு போகணும். தூக்கம் வராம இருக்க முறுக்கான் போட ஆரம்பிச்சேன், இருபது வருஷத்துக்கு மேல ஓடிட்டு. ஆறு வருஷம் முன்னால கடைவாய்ப்பல் ஒண்ணு ஆடிச்சு. பிடுங்கப் போன இடத்துல டாக்டர் டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, "பல்லு கெடக்கட்டும், கன்னத்துல இருக்க இந்த வெள்ளைத் தடம் எத்தனை நாளா இருக்கு?" என்று கேட்டார். சதையை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பி, முடிவு வர ஒரு வாரம். அந்த ஒரு வாரம் நான் யார்கிட்டயும் சரியாப் பேசல. புற்று இல்லை, ஆனா இனி தொடப்பிடாதுன்னு சொல்லிட்டார். அன்னைக்கு விட்டேன். முதல் மூணு மாசம் நரகம். கை தானா மடிக்குப் போகும்.

குட்காவையும் போயிலை சேர்த்த பான் மசாலாவையும் தமிழ்நாட்டுல 2013-ல தடை பண்ணியாச்சு. ஆனாலும் பாக்கெட் பாக்கு இளசுகள் வாயில இன்னும் கிடக்கு. வாய் முழுசாத் திறக்க முடியாம இறுகிப் போறதுக்கு அந்தப் பாக்கே போதும். ஆறாத புண்ணு மூணு வாரம் தாண்டினாலோ, வாயில வெள்ளையாவோ சிவப்பாவோ தடம் தெரிஞ்சாலோ, தள்ளிப் போடாம ஆஸ்பத்திரியில காட்டுங்க.

தம்பி கிளம்பும்போது, ஷோகேஸ்ல வைக்க அந்த உரலைக் கேட்டார். கொடுக்கல. அது மாடக்குழியிலயே இருக்கட்டும், பேரப்பிள்ளைகள் கேட்டா கதை சொல்லணும்.